சுபகிரி என்னும் யாப்பகூவா அரண்

நாவலப்பிட்டி நிலையத்தில் கொழும்பு நோக்கிச் செல்லும் புகையிரதத்தில் ஏறி அமர்வோர், மலையினின்று கீழ்நோக்கிச் செல்வதோடு காலத்தினும் பின்னோக்கிச் செல்கின்றனர் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. முதலில் வருவது கம்பளை. 1341ஆம் ஆண்டில் நாலாம் புவனேகபாகு மன்னன் அரசிருக்கை கொண்ட ஊர் அது. பேராதனை, கடுகண்ணாவை, றம்புக்கனை ஆகியவற்றைக் கடந்து பொல்காவலைச் சந்தியில் இறங்கி, வடக்கே செல்லும் வண்டிக்கு மாறினால் குருநாகல் வரும். அது கம்பளைக்கு முன்னர்த் தலைநகராக விளங்கியது. அதனையும் கடந்து மாகோச் சந்தியில் இறங்கி, ஐந்தாறு கிலோமீற்றர் தூரம் வீதி வழியே சென்றால், குருநாகலுக்கும் முற்பட்ட தலைநகராகிய யாப்பகூவாவின் பாறை வயல்வெளிக்கும் காட்டுக்கும் நடுவே திடீரென எழுந்து நிற்கும். கோப்பித் தோட்டங்களின் விளைவை இறக்குதற்காக 1874ஆம் ஆண்டில் நம் ஊர் வரை நீட்டப்பெற்ற இருப்புப்பாதை, ஈழத்து மன்னர் ஒருவர் பின் ஒருவராகத் தெற்கு நோக்கியும் மலை நோக்கியும் நகர்ந்த வழியை ஏறக்குறைய அப்படியே திருப்பிக் காட்டுவது வியப்பிற்குரியதன்றோ!

இவ்விடத்தைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் ஒரு மாணாக்கனின் வினாவால் எழுந்தது. வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. 1284ஆம் ஆண்டளவில் பாண்டியனின் சேனை ஆரியச்சக்கரவர்த்தியின் தலைமையில் வந்து யாப்பகூவாவை அழித்துப் புத்தபிரானின் தந்ததாதுவைக் கவர்ந்து சென்றது என்று கூறி முடித்தேன். பாடம் முடிந்தபின் அவன் மெல்ல அருகில் வந்து, “சேர், இதில் நாங்கள் எந்தப் பக்கம்?” என்று கேட்டான். யான் உடனே விடை கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை. சுருங்கச் சொல்லும் ஒற்றை வரியில் ஒரு பக்கம் தமிழரும் மறு பக்கம் சிங்களவருமே நிற்கின்றனர். அவ்வரியைப் படிக்கும் தமிழ்ப் பிள்ளை ஒன்று தலைகுனிகின்றது, அல்லது நெஞ்சு நிமிர்த்துகின்றது. இரண்டும் பொருந்தா என்பது, அடுத்த விடுமுறையில் அம்மாணாக்கர் சிலருடன் யாப்பகூவாவுக்குச் சென்று அப்படிகளில் ஏறிய பின்னரே எனக்கும் தெளிவாயிற்று. அங்குக் கண்டவற்றையும், அவற்றோடு நூல்வழி அறிந்தவற்றையும் நம் கல்லூரியின் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் இங்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

அரண் என்பது யாது? திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே உண்டு. நீர், வெட்டவெளி நிலம், மலை, காடு என்னும் நான்கும் உடையதே அரண் என்று வள்ளுவர் வகுக்கின்றார். அவ்வளவில் நில்லாது, உள்ளிருப்போர்க்கு வேண்டிய உணவு நிறைந்திருத்தல் வேண்டும் என்றும், எத்துணைச் சிறப்பு வாய்ந்த அரணாயினும் அதனைக் காக்கும் செயல்திறன் உடையோர் இல்வழிப் பயனில்லை என்றும் அவர் மேலும் கூறுவர். யாப்பகூவாவின் வரலாறு முழுவதையும் இவ்வதிகாரத்தின் உரையாகவே படிக்கலாம்.

அங்குள்ள பாறை ஏறக்குறைய 90 மீற்றர் உயரமுடையது. சீகிரியாவின் உயரத்தில் பாதியளவே எனினும், சுற்றிலும் சமவெளி ஆதலின் நெடுந்தொலைவிலேயே கண்ணிற் படும். ஏனைய பக்கங்களில் செங்குத்தாக இறங்கும் பாறையே மதிலாகின்றது. ஏறத்தக்க தென்புறத்தை மட்டும் அரைவட்டமாக வளைத்து, ஒன்றனுள் ஒன்றாக இரண்டு மதில்களும் அகழிகளும் அமைத்திருக்கின்றனர். இயற்கை அமைத்த இடத்தில் மனிதன் கைவைக்கவில்லை. இயற்கை விட்ட இடத்தை மட்டுமே அடைத்தான். குறைந்த கூலியில் நிறைந்த காவல்! நம் காலத்துப் பொறியியலாளரும் மெச்சுவர்.

இப்பாறையை முதன்முதல் அரணாக்கியவன் சுபன் என்னும் சேனாபதி. 1215ஆம் ஆண்டில் கலிங்கத்து மாகன் பெரும்படையுடன் வந்து பொலன்னறுவையைக் கைப்பற்றினான். அவன் படையிற் கேரளத்து வீரர் மிக்கிருந்தனர். விகாரைகள் இடிக்கப்பட்டன; நூல்கள் அழிந்தன; பிக்குகளும் குடிகளும் சிதறினர். அந்நாளில் அவனுக்கு அடங்காத தலைவர் சிலர் எளிதில் அணுகமுடியாத இடங்களைத் தேடிக்கொண்டனர் என்று சூளவம்சம் கூறுகின்றது. அவருள் ஒருவன் உரோகணத்தில் கோவிந்தமலையையும், மற்றொருவன் மகாவலி ஓரத்தில் மினிப்பேப் பக்கத்தையும் பற்றினர். சேனாபதி சுபன் இப்பாறையைப் பற்றினான். அதனால் இது சுபபர்வதம், சுபகிரி எனப் பெயர் பெற்றது. அப்பெயரே சிங்கள நாவில் உருமாறி யாப்பகூவா என வழங்குகின்றது.

அதன்பின் மூன்றாம் விஜயபாகு தம்பதெனியாவிற் புதிய அரசொன்றை நிறுவினான். அவன் மகன் இரண்டாம் பராக்கிரமபாகு 1236ஆம் ஆண்டு முதல் நெடுங்காலம் ஆண்டான். அவன் காலத்தில்தான் சந்திரபானு என்னும் சாவக மன்னன் 1247ஆம் ஆண்டில் இங்கு வந்திறங்கினான். இன்றைய தாய்லாந்தின் தென்பகுதியிலிருந்த தாம்பரலிங்க நாட்டவன் அவன், புத்த சமயத்தவன். முதன்முறை தோற்றவன், சில ஆண்டுகளின் பின் பாண்டிநாட்டிலும் சோழநாட்டிலும் திரட்டிய தமிழ்ப் படைகளோடு மாந்தையில் இறங்கி, சுபகிரியின் அடிவாரத்திற் பாசறை அமைத்தான். தந்ததாதுவையும் பாத்திரதாதுவையும் அரசையும் தன்னிடம் ஒப்படைக்குமாறு தூதனுப்பினான். பராக்கிரமபாகுவின் மகன் விஜயபாகுவும் மருகன் வீரபாகுவும் அவனை எதிர்த்து வென்றனர். இங்கு மாணாக்கர் ஒன்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். தாக்க வந்தவன் பௌத்தன். அவன் கேட்டதும் பௌத்தர் போற்றும் தாதுக்களையே. அவன் படையில் தமிழர் இருந்தனர். ஆனால் பாண்டியன் சடையவர்மன் வீரபாண்டியனின் குடுமியான்மலைக் கல்வெட்டோ ஈழத்திலிருந்த சாவக மன்னனைப் பாண்டியன் வென்றதாகப் பெருமை பேசுகின்றது. எவன் எவனுக்கு நண்பன் என்பதை மொழியைக் கொண்டோ மதத்தைக் கொண்டோ அளக்கப் புகின், இக்காலத்து வரலாறு ஓரடியும் நகராது.

வெற்றிபெற்ற விஜயபாகு சுபகிரியின் மதிலை உயர்த்தி, அகழியை ஆழப்படுத்தி, மாளிகை ஒன்றும் எடுத்துத் தன் தம்பி புவனேகபாகுவை அங்கு இருத்தினான். 1270ஆம் ஆண்டில் அவனே நாலாம் விஜயபாகுவாக அரசேறினான். இரண்டாண்டு செல்லுமுன் மித்தன் என்னும் அவனது சேனாபதி, ஏவலாளன் ஒருவனைக் கொண்டு அவனைக் கொல்வித்தான். தம்பி புவனேகபாகு பல்லக்கில் ஏறித் தம்பதெனியாவை விட்டுத் தப்பியோடினான். கொலையாளர் பின்தொடர்ந்தனர். வழியிற் பல்லக்கை விட்டு யானை மீதேறி ஆற்றைக் கடந்து சுபகிரியை வந்தடைந்தான் என்பது வரலாறு.

இதன்பின் நிகழ்ந்தது ஒரு நாடகத்திற்குரிய கதை. மித்தன் அரியணையில் அமர்ந்தான். படையின் துணை வேண்டுமே! அப்படையில் வட இந்தியாவிலிருந்து வந்த ஆரிய க்ஷத்திரியர் எனப்படும் கூலிவீரர் ஒரு தொகுதியினர் இருந்தனர். அவர் தலைவன் தாக்குரகன் என்பவன். அவர்களை முதலில் வயப்படுத்த எண்ணிச் சம்பளம் கொடுக்க முற்பட்டபோது, நாங்கள் எப்போதும் நம்பத்தக்கவரே, முதலிற் சிங்கள வீரர்க்குக் கொடுங்கள் என்று அவர்கள் மறுத்துவிட்டனர். சிங்கள வீரர்க்குக் கொடுத்து முடிந்தது. மீண்டும் அழைத்தபோதும் பின்னர்ப் பெறுகின்றோம் என்றனர். வற்புறுத்தவே, அரசனிடம் நேரிற் பேசுவதாகக் கூறி அவைக்குட் சென்றனர். அங்கே தாக்குரகன் கண்சாடை காட்டித் தன் வாளை உருவி மித்தனின் தலையை ஒரே வீச்சில் வீழ்த்தினான். ஏன் செய்தாய் என்று ஆரவாரம் எழுந்தபோது, சுபகிரியில் இருக்கும் புவனேகபாகுவின் பொருட்டே செய்தோம் என்று விடை வந்தது. பின்னர் அவ்வடநாட்டு வீரரும் சிங்கள வீரரும் ஒருங்குகூடிச் சுபகிரிக்குச் சென்று புவனேகபாகுவை அழைத்துவந்து முடிசூட்டினர்.

கூலிக்கு வந்தவனிடம் விசுவாசம் இராது என்று நாம் எளிதிற் கூறிவிடுகின்றோம். இக்கதையிற் கூலிக்கு வந்தவனே கூலியை மறுத்தான். உள்நாட்டுச் சேனாபதியே தன் அரசனைக் கொன்றான். இதனைக் கூறியபோது, முன்னர் வினவிய அதே மாணாக்கன் சிரித்தான். அவன் வினாவிற்கு இதுவே முதற்பகுதி விடை என்று எண்ணிக்கொண்டேன்.

முதலாம் புவனேகபாகு 1272 முதல் 1284 வரை ஆண்டான். தொடக்கத்திற் சில ஆண்டுகள் தம்பதெனியாவில் இருந்து, கடல் கடந்து வந்த பகைவர் சிலரை விரட்டியபின், தந்ததாதுவோடு சுபகிரியிலேயே நிலையாகத் தங்கினான். பாறையின் உச்சியை அண்டிப் பதுங்கியிருந்த மன்னன் என்று அவனை எண்ணிவிடலாகாது. 1283ஆம் ஆண்டில் எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரிற் சுல்தான் கலாவூனின் அவைக்கு இம்மன்னனின் தூதுக்குழு சென்று சேர்ந்தது. ஓர்முஸ் துறைமுகத்தில் இறங்கிப் பக்தாது வழியே அது நெடும்பயணம் செய்தது. பொன்னாற் செய்த பேழையில் வைத்திருந்த திருமுகத்தை அவையிலிருந்த எவராலும் படிக்க இயலவில்லையாம்! தூதர் வாயினாலேயே செய்தியைக் கேட்டறிந்தனர். தம் நாட்டில் முத்தும் மணியும் யானையும் கறுவாவும் நிரம்ப உள, இருபத்தேழு கோட்டைகள் உள, கப்பல்கள் உள, யேமன் நாட்டரசின் தூதனை விடுத்து உம்மோடு வாணிகம் செய்யவே விரும்புகின்றோம் என்பது அதன் பொருள். இச்செய்தியை எழுதிவைத்தவர் அரபு வரலாற்றாசிரியரே. நம் நாட்டு நூல்களில் இது இல்லை.

மேற்கே இவ்வாறெனின், கிழக்கே சீனம். தொல்பொருள் ஆணையாளர் எச். சி. பி. பெல் 1910–11இல் இவ்விடத்தை ஆராய்ந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனச் செப்புக் காசுகள் கிடைத்தன. அவை பெரும்பாலும் சோங் மரபினர் காலத்தவை. பச்சை மெருகு பூசிய சீனக் கலங்களின் உடைவுகளும் பிற்கால அகழ்வுகளில் வெளிப்பட்டன. கடற்கரையிலிருந்து காடு சூழ்ந்து வெகுதூரம் உள்ளே நிற்கும் ஒரு பாறையில் இவையெல்லாம் எப்படி வந்தன? வாணிகரும் தூதரும் கொணர்ந்தனர் என்பதன்றி வேறு விடை இல்லை.

இனி ஏறுவோம். பாறை பகலில் மிகவும் காயும். ஆதலின் காலைப்பொழுதே ஏற்றது. முதலில் வெளி அகழியும் மதிலும், பின்னர் உள் அகழியும் மதிலும் கடந்து, நகர் இருந்த வெளிக்கு வருகின்றோம். கட்டடங்களின் அடித்தளங்களும் கற்றூண்களும் புல்லின் இடையே தெரிகின்றன. அருகே சிறு நூதனசாலை ஒன்றும் உண்டு. ஏறுமுன் அதனைப் பார்த்துச் செல்லுதல் நன்று. பக்கத்தே பாறை முகட்டின் கீழ்க் கண்டிக்காலத்துச் சுவரோவியங்களுடைய குகை விகாரை ஒன்று இருக்கின்றது. அங்குப் பிக்குகள் வாழ்கின்றனர். பார்க்க விரும்புவோர் பணிவுடன் கேட்டால் கதவு திறந்து காட்டுவர்.

அதன்பின் படிகள். மூன்று தொகுதியாக அவை மேலே செல்கின்றன. கீழிரண்டும் எளியன, மேலே உள்ளதே யாப்பகூவாவின் புகழுக்குக் காரணம். அப்படிகள் மிகக் குறுகலானவை. ஏற்றமோ மிகச் செங்குத்து. பாதத்தை நேரே வைக்க இடமின்மையால் பக்கவாட்டில் திருப்பி வைத்தே ஏறவேண்டும். எம்முடன் வந்தவருள் உடற்பயிற்சியில் முதற்பரிசு பெற்ற ஒருவர் நடுவழியில் அமர்ந்துவிட்டார், பெயர் கூறேன்! இச்செங்குத்து ஏன் என்று யோசித்தேன். பகைவன் வரின் வரிசையாக ஓடியேற முடியாது என்பது ஒரு காரணம். மற்றொன்று, கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கு மேலேயுள்ள வாயில் வானத்திலிருந்து தொங்குவதுபோல் தோன்றும். தந்ததாது இருந்த மாளிகைக்கு ஏறும் வழி அது. அச்சமும் பக்தியும் ஒரே படிக்கட்டிற் கலந்திருக்கின்றன. கம்போடியாவின் அங்கோர்க் கோயிற் படிகளை இது நினைவூட்டும் என்பாரும் உளர்.

படிகளின் இருமருங்கும் கற்சிங்கங்கள் இரண்டு அமர்ந்திருக்கின்றன. உருண்டு பிதுங்கிய கண்களும் திறந்த வாயும் பற்களுமாய் அவை நம்மைப் பார்க்கின்றன. உறுமுகின்றனவா, நகைக்கின்றனவா என்று கூறல் அரிது. சீனத்துச் சிங்கத்தின் சாயல் உடையன என்று சிலர் கருதுவர். முன்னர்ப் புழக்கத்திலிருந்த பத்து ரூபாய்த் தாளில் இச்சிங்கத்தின் உருவம் இருந்தமையால், யாப்பகூவாவை ஒருபோதும் காணாதவரும் இதனைச் சட்டைப்பையிற் சுமந்திருக்கின்றனர். மூத்தோர் நினைவுகூர்வர்.

படிகளின் உச்சியில் வாயில் மண்டபம். இங்குதான் தமிழ்நாட்டுக் கோயில்களைக் கண்டவர் சற்றே திகைத்து நிற்பர். அடித்தளத்தின் வரிவரியான வார்ப்பு வேலையும், சுவரை அணிசெய்யும் அரைத்தூண்களும், அவற்றின் பொதிகைகளும், மேலே வளைந்து இறங்கும் கபோதமும், மகரங்களும் எல்லாம் முன்பே பழகியவை! மதுரை வட்டாரத்துச் சிற்பாசாரியர் மரபே இங்கு உளி பிடித்திருக்கின்றது என்று கண் உடனே சொல்லும். அறிஞரும் இக்கட்டடத்திற் பாண்டியநாட்டுத் திராவிடச் சிற்பமுறையின் செல்வாக்கு மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டியுள்ளனர். இருபுறமும் யானைகள் நீராட்ட நடுவே வீற்றிருக்கும் கஜலட்சுமியைக் கண்டபோது எம் மாணாக்கர் கைகூப்பினர். அங்கு நின்ற சிங்களக் குடும்பத்தார் ஒருவரும் அவ்வாறே கைகூப்பியதைக் கண்டேன். அடித்தளத்தைச் சுற்றி ஆடுவோரும் முழவு கொட்டுவோருமாய் ஒரு வரிசை ஓடுகின்றது. அவ்வாடலில் ஒருவர் காலை மடித்து உயர்த்தும் பாங்கும், மற்றொருவர் இடை வளைத்து முழவை அறையும் பாங்கும் கல்லென்று நம்பவிடா. கட்டடக் கலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சிங்கங்களோடு நின்றுவிடுகின்றனர். யான் எவரேனும் கேட்பின் இக்கூத்தர் வரிசையையே முதலிற் காட்டுவேன்.

வாயிலின் இருமருங்கும் கற்சாளரங்கள் இருந்தன. ஒரே பலகைக் கல்லை வட்டவட்டமாகத் துளைத்து, ஒவ்வொரு வட்டத்துள்ளும் ஆடும் மாந்தரும் அன்னமும் விலங்குமாகச் சிற்றுருவங்களைச் செதுக்கி அமைத்தது அது. அதனை இன்று கொழும்புத் தேசிய நூதனசாலையிற் காணலாம். மண்டபத்தின் பின்னே தாது மாளிகையின் சிதைவுகள் கிடக்கின்றன. அங்கிருந்து பாறையின் உச்சிக்கு ஒரு வழி செல்கின்றது. மேலே தூபியின் அடிப்பகுதியும் பாறையில் வெட்டிய நீர்க்குளமும் இருக்கின்றன. உச்சியில் நிற்போர்க்கு நாற்றிசையும் காடும் குளங்களும் வயலுமாகத் தெரியும். பகைவன் எத்திசையில் வரினும் ஒருநாட் பயணத்திற்கு முன்னரே காணலாம்.

காணலாம், ஆனால் கண்டு சொல்லக் காவலர் இருத்தல் வேண்டும், கேட்டு ஆணையிட அரசன் இருத்தல் வேண்டும். 1284ஆம் ஆண்டில் புவனேகபாகு இறந்தான். நாட்டிற் கொடும் பஞ்சம் தலைவிரித்தாடியது. அரியணையில் யாரும் இலர். அவ்வேளையில் பாண்டியன் மாறவர்மன் குலசேகரனின் சேனை ஆரியச்சக்கரவர்த்தியின் தலைமையில் வந்தது. நாட்டைக் கொள்ளையிட்டுச் சுபகிரிக் கோட்டையினுட் புகுந்து, தந்ததாதுவையும் பெருஞ்செல்வத்தையும் கவர்ந்து பாண்டியனிடம் ஒப்புவித்தது. நெடிய முற்றுகை நடந்ததாகவோ, அகழியில் இரத்தம் ஓடியதாகவோ சூளவம்சம் கூறவில்லை. மாகன் காலத்திற் பிழைத்து, சந்திரபானுவைத் தடுத்து, மித்தனிடமிருந்து தப்பிய மன்னனைக் காத்த அதே பாறை, இம்முறை வெறுமனே திறந்து கொடுத்தது. மதில் அதே மதில். அகழி அதே அகழி. வள்ளுவர் கூறிய நான்கும் இருந்தன. அவர் மேலும் கூறிய இரண்டும், அதாவது உணவும் ஆளும், இல்லை. அரணை வீழ்த்தியது பஞ்சமும் ஆளற்ற அரியணையுமே. பாண்டியர் வந்து எடுத்துச் சென்றனர் என்பதே யான் கொள்ளும் கருத்து.

இதனாற் பாண்டியர் செயலை யான் நியாயப்படுத்துவதாக எவரும் கருதவேண்டா. பஞ்சத்தில் வாடிய நாட்டிற் புகுந்து, மக்கள் உயிரினும் மேலாகப் போற்றிய பொருளை எடுத்துச் சென்றது கொள்ளையே. தமிழர் செய்தனர் என்பதற்காக அது வேறொன்றாகிவிடாது. அன்றியும், அப்பொருளின் மதிப்பைப் பாண்டியனும் அறிந்தேயிருந்தான். அதனை வைத்திருப்பவனே ஈழத்தின் அரசன் என்பது அக்காலத்து எண்ணம். மார்க்கோ போலோ கூறுமாறு, சீனப் பேரரசன் குப்ளாய்கானும் அதே 1284ஆம் ஆண்டில் புத்தபிரானின் தாதுக்களை வேண்டி இலங்கைக்குத் தூதனுப்பினான்.

அத்தோடு கதை முடியவில்லை. நம் பாடங்களிற் பெரும்பாலும் விடப்படுவது இதன் பின்வரும் பகுதியே. நாலாம் விஜயபாகுவின் மகன் மூன்றாம் பராக்கிரமபாகு அரசேறியபோது, இழந்த தாதுவைப் போரால் மீட்க வலியில்லை என்று உணர்ந்தான். ஆகவே துணிந்த வீரர் சிலருடன் தானே கடல் கடந்து பாண்டியன் அவைக்குச் சென்றான். நாள்தோறும் உரையாடி அவன் உள்ளத்தைக் கவர்ந்து, தாதுவைத் திரும்பப் பெற்று வந்து பொலன்னறுவையில் எழுந்தருளுவித்தான். மலைநாட்டிற் பிறந்த நம் பிள்ளைகள் ஆடித் திங்களிற் கண்டி எசலப் பெரஹராவைக் காணச் செல்கின்றனர். தலதா மாளிகையின் யானை பேழையைச் சுமந்து வருவதைப் பார்க்கின்றனர். அம்மாளிகையில் வணங்கப்படும் தாது ஒருகாலத்தில் மதுரைக்குச் சென்று, இரு மன்னரின் உரையாடலால் மீண்டது என்பதை அவர்க்கு யார் கூறுகின்றனர்?

ஆரியச்சக்கரவர்த்தி என்னும் பட்டப்பெயர் பின்னர் யாழ்ப்பாணத்து அரசமரபின் பெயராயிற்று. யாப்பகூவாவோ மீண்டும் தலைநகராகவில்லை. புவனேகபாகுவின் மகன் இரண்டாம் புவனேகபாகு 1293ஆம் ஆண்டில் குருநாகலில் அரசமைத்தான். அங்கிருந்து 1341இல் கம்பளை. கைவிடப்பட்ட பாறையில் பிக்குகள் குடியேறினர். காடு மெல்ல மெல்லப் படிகளை மூடியது.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். நம்மூரிலிருந்து ஒரே நாளிற் சென்று மீளல் கடினம். குருநாகலிலோ மாகோவிலோ ஓரிரவு தங்குதல் நன்று. மாகோவிலிருந்து முச்சக்கர வண்டிகள் கிடைக்கும். குடிநீரும் தலைக்குத் தொப்பியும் உடன் கொண்டு செல்க. படிகளில் இறங்கும்போதுதான் காலிடறும், ஏறும்போதன்று. கீழே தெரியும் ஆழத்தைப் பாராது பக்கவாட்டில் திரும்பி இறங்குக. குரங்குகள் உணவுப் பொதியைப் பறிக்கும். அவை எந்த வமிசத்தவை என்று சூளவம்சம் கூறவில்லை.

திரும்பும் வழியில், கடுகண்ணாவைக்கும் பேராதனைக்கும் இடையே பிலிமத்தலாவை நிலையத்தில் இறங்குமாறு வேண்டுகின்றேன். அங்கிருந்து சிறிது தொலைவிற் கடலாதெனி விகாரையும் இலங்காதிலக விகாரையும் இருக்கின்றன. யாப்பகூவா வீழ்ந்து அறுபது ஆண்டுகளின்பின், 1344ஆம் ஆண்டளவிற் கம்பளை மன்னன் நாலாம் புவனேகபாகுவின் காலத்தில் அவை எழுந்தன. கடலாதெனியைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராச்சாரி என்னும் தென்னாட்டான். யாப்பகூவா வாயிலிற் கண்ட அதே வார்ப்பு வேலையை அங்கும் கல்லிற் காணலாம். இலங்காதிலகத்தில் பாறையின் மேல் அவ்விகாரைக்கு விட்ட நிலங்களைக் கூறும் சாசனம் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. அது சிங்களத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் எழுதப்பட்டது. எம் மாணாக்கர் அப்பாறையின் மேற் குனிந்து, தேய்ந்த எழுத்துக்களை விரலால் தடவித் தடவிக் கூட்டிப் படித்தனர். எந்தப் பக்கம் என்று முன்னர்க் கேட்டவன் தமிழ்ப் பகுதியில் ஒரு சொல்லைத் தானே கண்டுபிடித்து உரத்துக் கூவினான். பொழுது சாயுமட்டும் அவனை அவ்விடத்தினின்று எழுப்ப முடியவில்லை. அன்று நாங்கள் நாவலப்பிட்டி சேர்ந்தபோது இரவு வெகுநேரம் ஆகியிருந்தது.